ஐந்து தகட்டு மடிப்பு: தகர டப்பாக்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

எண்ணெய், மீன், பால் பவுடர், பெயிண்ட் என்று நம் வீட்டுக்கு வந்து சேரும் தகர டப்பாக்கள் எப்படி உருவாகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். டப்பா செய்யும் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கும்பகோணம் வாசகி ஒருவர்): தகரம், டின், ஈயம், வெள்ளீயம் என்று பல பெயர்களைக் கேட்கிறோம். இவையெல்லாம் ஒன்றுதானா? டின் உணவில் ஈயம் கலந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா?

பதில்: இந்தக் குழப்பத்துக்குப் பெயர்கள்தான் காரணம். உங்கள் ஊர்ப் பக்கம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஈயம் என்று அழைக்கப்பட்டாலும், முறையாகச் செய்த சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். நச்சுத்தன்மை உடையது காரீயம். அது வேறு உலோகம். பேச்சு வழக்கில் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்வதால் ஒன்றன் பழி மற்றொன்றின் மேல் விழுகிறது.

டப்பாவின் உடம்பு வெள்ளீயமும் அன்று, காரீயமும் அன்று. அது கரிமம் மிகக் குறைவாக உள்ள மென்மையான எஃகு. அந்த எஃகை மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கிலிருந்து அரை மில்லிமீட்டர் வரையிலான தடிமனுக்கு உருட்டி, இரு முகங்களிலும் வெள்ளீயம் பூசினால் கிடைப்பதையே நாம் தகரம் என்கிறோம். இந்தப் பூச்சு எவ்வளவு மெல்லியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை இருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் சதுர மீட்டருக்கு 2.8 கிராம் என்ற வழக்கமான அளவில் பூசினால், அந்தத் தகட்டில் உள்ள மொத்த வெள்ளீயம் ஆறு கிராமைக்கூட எட்டாது. அதாவது பூச்சின் தடிமன் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முன்பெல்லாம் எஃகுத் தகட்டை உருகிய வெள்ளீயத் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். அதனால் பூச்சு தேவைக்கு மேல் கனமாகப் படிந்தது. இரண்டாம் உலகப் போரில் வெள்ளீயச் சுரங்கங்கள் நிறைந்த மலாயா ஜப்பான் கைக்குப் போனபின், குறைந்த வெள்ளீயத்தைக் கொண்டு சமாளிக்க வேண்டிய கட்டாயம் வந்து, மின்முலாம் பூசும் முறை வேகமாகப் பரவியது. இந்தியாவில் இந்தத் தகட்டுக்குப் பேர்போன இடம் ஜாம்ஷெட்பூரை அடுத்த கோல்முரி; அங்கே ஆலை நடத்திய நிறுவனம் 1920இல் தொடங்கப்பட்டது.

உங்கள் உறவினர்களின் அச்சத்துக்கு ஓர் அடிப்படை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உடம்பின் பக்கவாட்டுச் சேர்ப்பை முன்பு பற்று என்னும் உலோகக் கலவையை உருக்கி ஓட்டி அடைத்தார்கள். அந்தப் பற்றில் பெரும்பகுதி, சில வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு, காரீயமாகவே இருந்தது. அமெரிக்க டப்பாத் தொழிலினர் 1991இல் அதைக் கைவிட்டார்கள். 1995இல் அங்கே உணவு டப்பாக்களில் அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. மின்சாரத்தால் வெல்டிங் செய்யும் இன்றைய டப்பாவில் பற்றுக்கே வேலையில்லை. வெள்ளீயம் உணவில் சிறிதளவு கரையலாம்; அதற்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்றும், டப்பாவில் அடைத்த பானங்களுக்கு 150 மில்லிகிராம் என்றும் வரம்பு வைத்திருக்கிறது.

கேள்வி (விருதுநகர், எண்ணெய் வியாபாரி): எங்கள் கடைக்கு 15 கிலோ எண்ணெய் டின்கள் வருகின்றன. பழைய டின்களில் பக்கவாட்டில் தடித்த பற்று இருக்கும். இப்போது மெல்லிய கோடுதான் இருக்கிறது. தகட்டைக் குறைத்து ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றுகிறது. நான்கு பக்கமும் கட்டம் கட்டமாக அழுத்தியிருப்பது அழகுக்காகவா? ஒழுக்கு எப்போதும் மூலையிலேயே ஏற்படுவது ஏன்?

பதில்: மெல்லிய கோடு ஏமாற்று அன்று; உங்களுக்கு நல்லது செய்திருக்கும் மாற்றம் அது. பழைய முறையில் இரண்டு தகடுகளை ஆளுக்கு இரண்டு பக்கம் வரும்படி மடித்து, ஓரங்களைக் கொக்கி போல வளைத்து ஒன்றோடொன்று மாட்டி, தட்டி நசுக்கி, மேலே பற்று ஓட்டுவார்கள். கொக்கிகள் கோத்துக்கொள்ளும் இடத்தில் தகடு நான்கு அடுக்காகத் தடித்துவிடும். அந்தத் தடித்த முதுகெலும்பு மேல்மூடியின் விளிம்பைச் சந்திக்கும் இடத்தில் மூடி படிந்து உட்காராது என்பதற்காகவே அங்கே ஓரத்தை வெட்டி அடுக்கைக் குறைப்பார்கள். வெட்டு சற்றுப் பிசகினாலும் எண்ணெய் கசியும்.

புதிய முறையில் ஒரே தகட்டை உருளையாகச் சுருட்டுகிறார்கள். இரண்டு ஓரங்களும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பிடித்து, இரண்டு செம்பு உருளைகளுக்கு இடையில் ஓடவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், ஓரங்கள் சூடேறி நசுங்கி ஒன்றாகிவிடும். சேர்ப்பின் கனம் ஒற்றைத் தகட்டைப் போல ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடும். இந்த இடத்தில் நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. வெள்ளீயம் எளிதில் உருகிச் செம்பு உருளையில் ஒட்டிக்கொண்டு மின்சாரம் பாய்வதைக் கெடுக்கும். ஆகவே உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே எப்போதும் புதிய செம்புக் கம்பி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்; ஒட்டும் வெள்ளீயத்தை அதுவே சுமந்துகொண்டு வெளியேறிவிடும். ஸ்விட்சர்லாந்தின் சூட்ரோனிக் நிறுவனத்தின் இயந்திரங்களால் உலகெங்கும் பரவிய முறை இது. வெல்டிங் ஆனபின் அந்த உருளையை உள்ளிருந்து விரித்துச் சதுரமாக்குகிறார்கள். அதனால் உங்கள் டின் பிறக்கும்போது வட்டம், சதுரமானது பிறகுதான்.

கட்டங்கள் அழகுக்காக அல்ல. வெறும் சமதளத் தகட்டை நடுவில் விரலால் அமுக்கினால் ‘டப்’ என்று உள்ளே போய், விட்டதும் ‘டப்’ என்று வெளியே வரும். எண்ணெய் நிறைந்த டின் லாரியில் இரவு முழுக்கக் குலுங்கும்போது பக்கங்கள் இப்படி ஆயிரக்கணக்கான முறை உள்ளும் வெளியுமாக அடித்தால், மடிப்பின் ஓரத்தில் எஃகு களைத்து வெடித்துவிடும். தகட்டில் பள்ளமும் மேடும் அழுத்திவிட்டால் அந்த அசைவு அடங்கிவிடும். கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தகடு பதினைந்து கிலோவைத் தாங்குவது அந்தக் கட்டங்களின் தயவால்தான்.

மூலையில் ஒழுகுவதற்கு இரண்டு காரணங்கள். மூடியின் விளிம்பை உடம்போடு சுருட்டும் உருளை நேர் பக்கத்தில் ஓடும்போது தகடு எளிதாக மடிகிறது. மூலையில் திரும்பும்போதோ மிச்சத் தகடு போக இடமின்றிச் சுருங்குவதால், உள்ளே போகும் கொக்கி குட்டையாகிவிடுகிறது. அப்படிப் பலம் குறைந்த இடத்தின் மேலேயே, டின் கீழே விழும்போது முதல் அடியும் படுகிறது. டின்களை இறக்குபவர்களிடம் மூலையை ஊன்றி உருட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு முறை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைத்து விற்பதை நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. பழைய டின்னை நசுக்கிக் காயலான் கடைக்குப் போடுவதே முறை.

கேள்வி (மதுரை, இயந்திரவியல் மாணவர்): பால் பவுடர் டின்னின் பக்கத்தில் சேர்ப்புக் கோடு இருக்கிறது, மீன் டின்னில் அடியும் பக்கமும் ஒரே தகடாக இருக்கின்றன. சில குளிர்பான டப்பாக்களிலும் சேர்ப்பே இல்லை. தட்டையான தகடு கிழியாமல் எப்படிக் கிண்ணமாகிறது?

பதில்: டப்பாக்களில் இரண்டு குலங்கள் உண்டு. உடம்பு, மேல்மூடி, அடிமூடி என்று மூன்று துண்டுகளால் ஆனவை ஒரு குலம். அடியோடு சேர்ந்த உடம்பும் ஒரு மூடியுமாக இரண்டே துண்டுகளால் ஆனவை மற்றொன்று.

மீன் டின் இரண்டாவது குலம். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வெட்டிய தகட்டை ஒரு வளையத்தின் மேல் வைத்து, நடுவில் ஒரு தண்டு இறங்கி அதை வளையத்தின் வாய்க்குள் இழுத்துச் செல்லும். தகடு இழுபட்டு மெலிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. வட்டத்தின் வெளியோரம் உள்ளே வரவர, அதன் சுற்றளவு சிறுத்தாக வேண்டும். ஆகவே ஓரம் பக்கவாட்டில் நெருக்கப்படுகிறது. பாவாடைக்கு நாடா இழுத்தால் துணி சுருக்கம் விழுவதைப் போல, விட்டால் தகடும் சுருங்கிக் கொசுவிக்கொள்ளும். அதைத் தடுக்க, ஓரத்தின் மேல் ஒரு வளையம் அளவான பாரத்தோடு அமர்ந்திருக்கும். பாரம் குறைந்தால் சுருக்கம், கூடினால் கிழிசல். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பாதையைக் கண்டுபிடிப்பதே அச்சு அமைப்பவரின் வித்தை. ஒரே இழுப்பில், தகட்டின் விட்டத்தைக் கிண்ணத்தின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 1.8 மடங்குக்கு மேல் எடுத்தால் அடி பிய்ந்துவிடும். மீன் டின் ஆழம் குறைந்தது என்பதால் ஒரு இழுப்பு போதும். உயரமான டப்பா வேண்டுமென்றால், அதே கிண்ணத்தை இன்னும் ஒடுங்கிய வளையத்தில் இரண்டாவது, மூன்றாவது முறை இழுக்க வேண்டும். இவ்வகையில் சுவரின் கனம் தொடக்கத் தகட்டின் கனத்தை ஒட்டியே இருக்கும்.

நீங்கள் குறிப்பிடும் பானக் குவளை இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அவற்றில் பல அலுமினியத்தால் ஆனவை. ஆனால் எஃகிலும் அதே முறையில் செய்கிறார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்தால் எது எஃகு என்று தெரிந்துவிடும். முதலில் ஒரு கிண்ணம் இழுக்கப்படும். பிறகு அந்தக் கிண்ணம் தண்டின் மேல் மாட்டியபடியே, ஒன்றைவிட ஒன்று ஒடுக்கமான சில வளையங்களுக்குள் தள்ளப்படும். தண்டுக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி சுவரின் கனத்தைவிடக் குறைவு; ஆகவே சுவர் துணியை இஸ்திரி போட்டாற்போல மெலிந்து மேலே வளரும். 0.28 மில்லிமீட்டர் தகட்டில் தொடங்கினால், அடி ஏறக்குறைய அதே கனத்தில் இருக்க, சுவர் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். உலோகத்தின் கன அளவு மாறாது என்பதால், சுவரின் தடிமன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் உயரம் மூன்று மடங்காகும். எஃகுக் குவளையில் இந்த வேலைக்கு மேலே பூசிய வெள்ளீயமும் மசகாக உதவுகிறது.

பொறியியல் மாணவர் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. வாய்ப்புக் கிடைத்தால், வெட்டிச் சமன் செய்வதற்கு முன் ஒரு கிண்ணத்தின் வாயைப் பாருங்கள். விளிம்பு நேராக இருக்காது. பெரும்பாலும் நான்கு இடங்களில் காது போல எழுந்திருக்கும். எஃகை உருட்டிய திசையில் ஒரு குணமும் குறுக்கே வேறொரு குணமும் அதற்கு இருப்பதால் எல்லாப் பக்கமும் சமமாக இழுபடுவதில்லை. பாடப் புத்தகத்தில் சமன்பாடாகப் படிக்கும் திசைசார்ந்த பண்பை அங்கே விரலால் தடவிப் பார்க்கலாம். காது உயரமாக எழுந்தால் வெட்டி எறியும் தகடும் கூடும். ஆகவே தகடு வாங்கும்போதே ஆலைகள் இதைச் சோதிக்கின்றன.

இரண்டு துண்டு முறை இத்தனை நேர்த்தியானது என்றால் மூன்று துண்டு ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்பீர்கள். இழுப்பு வரிசைக்கு முதலீடு பெரியது. ஒரே அளவில் கோடிக்கணக்கில் செய்தால்தான் கட்டும். மூன்று துண்டு முறையிலோ தகட்டை நீளம் மாற்றி வெட்டினாலே உயரம் மாறிவிடும். அச்சு வேலையும் தட்டையான தகட்டிலேயே முடிந்துவிடும். பால் பவுடர் டின்னின் சேர்ப்புக் கோட்டை ஒட்டி நிறமில்லாத ஒரு குறுகிய பட்டை இருப்பதைக் கவனியுங்கள். மையும் பூச்சும் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால் வெல்டிங்குக்காக வெறுமனே விட்ட இடம் அது. பிறகு அதன் உள்பக்கத்தில் தனியாக ஒரு பூச்சு ஓட்டுவார்கள்.

கேள்வி (தூத்துக்குடி, சிறுதொழில் தொடங்குபவர்): மீன் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் சிறு தொழில் தொடங்க இருக்கிறேன். காலி டப்பாவையும் மூடியையும் வாங்கி நாங்களே மூட வேண்டும். மூடும் இயந்திரம் விற்பவர், ‘பார்த்தாலே தெரியும், சீமிங் (மூடியை உடம்போடு மடித்துச் சேர்ப்பது) நன்றாக இருக்கிறது’ என்கிறார். பார்த்தால் தெரியுமா? நானே சோதிக்க வழி உண்டா?

பதில்: பார்த்தால் தெரியாது. வந்த கேள்விகளில் நான் மிக விரிவாகப் பதில் சொல்ல விரும்புவது இதற்குத்தான். ஏனெனில் இதில் பிழைத்தால் பிறர் உயிருக்கே கேடு.

1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் தகரக் கலத்தில் உணவு காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் பிரையன் டாங்கின் லண்டனில் ஆலை தொடங்கினார். அன்று மூடியை உடம்பின் மேல் வைத்துச் சுற்றிலும் பற்றுப் பூசினார்கள். இன்று பற்றும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. மூடி உடம்போடு வெறும் மடிப்பினால் மட்டுமே சேர்ந்திருக்கிறது. ஒரு ஆண்டுக்கு மேல் காற்றையும் கிருமியையும் வெளியே நிறுத்துவது அந்த மடிப்புத்தான்.

டப்பாவின் வாய் வெளிப்பக்கம் சற்று விரிந்திருக்கும். மூடியின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் ரப்பர் போன்ற பசை உலர்ந்து படிந்திருக்கும். மூடியின் குழிவில் ஒரு வட்டத் தண்டு அமர்ந்து டப்பாவைப் பிடித்துக்கொள்ள, முதல் உருளை பக்கத்திலிருந்து நெருங்கி மூடியின் ஓரத்தை உடம்பின் விரிந்த வாய்க்கு அடியில் சுருட்டி நுழைக்கும். இரண்டாவது உருளை அந்தச் சுருளை நசுக்கித் தட்டையாக்கும். முடிவில் உடம்பின் கொக்கியும் மூடியின் கொக்கியும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி நிற்கும். மடிப்பைக் குறுக்கே வெட்டினால் வெளியிலிருந்து உள்ளே ஐந்து தகடுகளை எண்ணலாம்: மூடியின் வெளிச்சுவர், உடம்பின் கொக்கி, மூடியின் கொக்கி, உடம்பின் சுவர், மூடியின் உள்சுவர். பசை இவற்றின் இடுக்குகளை நிரப்புகிறது. தகடு பிடியைத் தருகிறது, பசை அடைப்பைத் தருகிறது; ஒன்று தவறினால் மற்றொன்றால் ஈடுகட்ட முடியாது.

சோதிக்கும் வழி இது. முதலில் மைக்ரோமீட்டரால் மடிப்பின் கனத்தை, சுற்றில் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி மூன்று இடங்களில் அளவிடுங்கள். மூடியின் தகடு 0.22 மில்லிமீட்டர், உடம்பின் தகடு 0.18 மில்லிமீட்டர் என்றால் மூன்று மூடித் தகடும் இரண்டு உடம்புத் தகடும் சேர்ந்து 1.02 வரும், இடுக்குகளுக்காகச் சுமார் 0.13 சேர்த்தால் 1.15 மில்லிமீட்டர். அளவு அதைவிட மிகுந்தால் இரண்டாவது உருளை தளர்ந்திருக்கிறது. மிகவும் குறைந்தால் பிடி இறுகித் தகட்டை வெட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு டப்பாவைப் பிரித்தே ஆக வேண்டும். மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய வளையத்தைக் குறட்டால் பிடித்து உரியுங்கள். உடம்பை மெல்லத் தட்டினால் மூடியின் கொக்கி தனியே கழன்று வரும். அதன் உள்முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் நல்ல மடிப்பு. அலையலையாகச் சுருக்கங்கள் இருந்து, அவை கொக்கியின் நீளத்தில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் ஏறியிருந்தால் அந்த மடிப்பை நம்ப வேண்டாம். இரு கொக்கிகளின் நீளத்தையும் அளந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று கணக்கிடுங்கள். சாதாரண டப்பாவில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முழு டப்பாவும் நிற்பது அந்த ஒரு மில்லிமீட்டரின் மேல்தான்.

நான் இளைஞனாக ஓர் ஆலையில் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஒரு ஷிப்டு முழுக்க ஓடிய டப்பாக்கள் பார்வைக்குப் பளபளவென்று இருந்தன. கையால் தடவினாலும் குறை தெரியவில்லை. மாலையில் எங்கள் மேஸ்திரி ஒன்றை உரித்துக் காட்டினார். முதல் உருளையின் பள்ளம் தேய்ந்து போனதால், மூடியின் ஓரம் உடம்பின் வாய்க்கு அடியில் நுழையாமல் அதன் பக்கத்திலேயே நசுங்கிக் கிடந்தது. கொக்கியே மாட்டவில்லை, வெறும் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைய உற்பத்தி முழுவதையும் நாங்கள் நசுக்கினோம். உரித்துப் பார்க்க அவர் இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அவை சந்தைக்குப் போயிருக்கும். அமெரிக்க உணவு விதிகளில், அரை மணிக்கு மிகாத இடைவெளியில் கண்ணால் பார்த்தலும், நான்கு மணிக்கு மிகாத இடைவெளியில் உரித்துப் பார்த்தலும் கட்டாயம். உங்கள் பட்டறை எவ்வளவு சிறியதானாலும் அந்த ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அளவுகளை நோட்டில் எழுதுங்கள்.

இயந்திரம் விற்பவர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. வேகவைத்து எடுத்த டப்பாவைக் குளிரவைக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது; பசையும் சூட்டில் இளகியிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் நல்ல மடிப்பும் ஒரு துளியிலும் துளியான நீரை உள்ளே இழுக்கக்கூடும். 1964இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 400க்கும் மேற்பட்டோருக்கு டைஃபாய்டு கண்டது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த மாட்டிறைச்சி டப்பா ஒன்றே அதற்கு மூலம் என்று கருதப்பட்டது. அங்கே டப்பாக்களைச் சுத்திகரிக்காத ஆற்று நீரில் குளிரவைத்திருந்தார்கள். ஆகவே குளிரவைக்கும் தண்ணீரில் குளோரின் இருக்கட்டும்; ஈரம் காயும் வரை டப்பாவைக் கையால் தொட வேண்டாம். இயந்திரத்தை வாங்கும் முன், அதிலேயே மூடிய ஐந்தாறு டப்பாக்களை விற்பவரின் கண்முன் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடையைப் பாருங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, பள்ளி மாணவி): சோடா பாட்டில் மூடியில் பற்களை எண்ணினேன். எல்லாவற்றிலும் 21 இருந்தன. ஏன்?

பதில்: எண்ணிப் பார்த்ததற்கு முதலில் பாராட்டு. இந்த மூடிக்கு 1892இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றபோது 24 பற்கள் இருந்தன. பின்னர் 21 என்பது வழக்கமாயிற்று. முதலில் வட்டத் தகட்டை ஆழமில்லாத தட்டாக அழுத்துவார்கள். மேலே மாணவருக்குச் சொன்ன சுருக்கத்தை இங்கே தடுக்காமல், ஒழுங்கான மடிப்புகளாகவே விழ வைக்கிறார்கள், அவைதான் பற்கள். கண்ணாடி வாயின் மேல் வைத்து அழுத்தும்போது பற்கள் உள்நோக்கி நெருங்கி விளிம்பைக் கவ்விக்கொள்கின்றன.

கேள்வி (சென்னை, மணலி): 200 லிட்டர் இரும்புப் பீப்பாயும் இதே முறையில்தான் செய்யப்படுகிறதா?

பதில்: அண்ணன் தம்பி என்று சொல்லலாம். தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். வெள்ளீயப் பூச்சு இராது. சுருட்டி வெல்டிங் செய்த உருளையில் இரண்டு இடங்களை வெளியே புடைக்கச் செய்து வளையங்களாக்குவார்கள். பீப்பாய் உருளுவது அந்த வளையங்களின் மேல்தான். பக்கம் நசுங்காமல் காப்பவையும் அவையே. மூடியை இன்னும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுருட்டுவதும் உண்டு. அப்போது மடிப்பில் ஐந்துக்குப் பதில் ஏழு தகடுகள் வரும். இந்தப் பீப்பாயின் தொடக்கக் காப்புரிமைகள் 1905இல் ஹென்ரி வேர்ஹான் என்பவர் பெயரில் வழங்கப்பட்டன. அவர் வேலை பார்த்த புரூக்ளின் ஆலையை நடத்தியவர் நெல்லி பிளை. 72 நாட்களில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்ற பத்திரிகையாளர் அவரேதான்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): அன்னாசிப் பழ டின்னைத் திறந்து பாதி எடுத்துவிட்டு மீதியை டின்னோடு ஃபிரிட்ஜில் வைக்கலாமா? கடையில் நசுங்கிய டின்களைத் தள்ளுபடியில் தருகிறார்கள், வாங்கலாமா?

பதில்: மீதியைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அன்னாசி டின்னின் உள்ளே பெரும்பாலும் பூச்சின்றி வெள்ளீயமே தெரியும்படி விட்டிருப்பார்கள். மூடிய டின்னில் காற்று இல்லாதபோது, புளிப்புச் சாற்றில் வெள்ளீயம் தான் சிறிது சிறிதாகக் கரைந்து எஃகைக் காக்கிறது. பழத்தின் நிறம் கறுக்காமல் இருப்பதும் அதனாலேயே. திறந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போகிறது. அதன்பின் வெள்ளீயம் பல மடங்கு வேகமாகக் கரையும். இரண்டு நாளில் வாயில் உலோகச் சுவை தட்டுவது அதனால்தான்.

நசுங்கலைப் பொறுத்தவரை, எந்த இடத்தில் என்பதைப் பாருங்கள். பக்கச் சுவரின் நடுவில் வழவழப்பான பள்ளம் மட்டும் என்றால் பெரும்பாலும் தீங்கில்லை. டப்பாவைச் சுற்றி வரி வரியாக இருக்கும் வளையங்கள் இப்படிப்பட்ட அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் போடப்பட்டவையே. ஆனால் பள்ளம் கூர்மையாக மடிந்திருந்தாலோ, மேல் அல்லது கீழ் மடிப்பைத் தொட்டாலோ, பக்கவாட்டுச் சேர்ப்பு அந்த மடிப்பைச் சந்திக்கும் முனையில் இருந்தாலோ எத்தனை தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். உள்ளே அந்த ஒரு மில்லிமீட்டர்க் கொக்கி விலகியிருக்கிறதா என்று கடையில் நின்று உரித்துப் பார்க்க முடியாதல்லவா. மூடி மேலே உப்பியிருந்தால், அமுக்கியதும் உள்ளே போய்விட்டாலும்கூட, திறக்காமலே எறிந்துவிடுங்கள். சுவைத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று எண்ண வேண்டாம்.